அடுப்பேறும் முன் ஒரு பிடி

பஞ்சம், குண்டுவீச்சு, ஊர் எரிப்பு எல்லாவற்றையும் தாண்டி மிசோரம் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் நிலைத்திருக்கிறது. நன்றி சொல்வதற்கு நல்ல காலம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு.

மிசோரம் வீடுகளில் உலை வைப்பதற்கு முன் ஒரு சின்னக் காரியம் நடக்கிறது. அந்த வேளைக்கு என்று அளந்து வைத்த அரிசியிலிருந்து வீட்டுப் பெண்மணி ஒரு பிடி அள்ளி, பக்கத்திலிருக்கும் தனிப் பாத்திரத்தில் போடுகிறார். மிசோக்களின் வழக்கமான சாப்பாடு இரண்டு வேளை. முற்பகலில் ஒன்று, பொழுது சாய்வதற்குள் ஒன்று. இரண்டு வேளையும் இப்படி ஒவ்வொரு பிடி. ஐந்து விநாடிகூட ஆகாத வேலை. வாரத்துக்கு ஒரு முறை சபையின் பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து, சேர்ந்திருக்கும் அரிசியை வாங்கிப் போகிறார்கள். அது விற்கப்பட்டு, பணம் சபைக்குப் போகிறது.

மிசோ மொழியில் இதற்குப் பெயர் ‘புஃபாய் தாம்’. புஃபாய் என்றால் உமி நீக்கிய அரிசி. தாம் என்றால் கைப்பிடி. 1910-களில் வேரூன்றிய வழக்கம் இது. அப்போது அந்த மலைகளில் காசு அபூர்வம். காணிக்கைத் தட்டில் போடப் பெரும்பாலானவர்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஏதோ கொஞ்சம் அரிசி இருந்தது. சாப்பிட ஏதாவது இருக்கிற வரையில் கடவுளுக்குக் கொடுக்கவும் ஏதாவது இருக்கிறது என்ற எளிய தர்க்கத்தில் தொடங்கியது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு மட்டும் இந்த அரிசியிலிருந்து வரும் வருமானம் இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். மொத்தக் காணிக்கையில் இது ஒரு பகுதிதான். அந்தச் சபை இந்தியாவின் பல மாநிலங்களிலும் வெளிநாடுகளிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிஷன் ஊழியர்களைத் தாங்குகிறது. மிசோக்களுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தது வேல்ஸ் தேசத்துச் சபை. இன்று அதன் கோயில்கள் காலியாகிக்கொண்டிருக்க, மிசோரமிலிருந்து அங்கே போதகர் அனுப்பப்பட்டிருக்கிறார்!

தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனையல்ல. காஞ்சிப் பெரியவர் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். தென்மாவட்டத்துச் சபைகளிலும் கைப்பிடி அரிசி தெரிந்த சங்கதிதான். திருநெல்வேலிப் பக்கத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை என்றே ஒரு பண்டிகை இருக்கிறது. ஆனால் ஒரு மாநிலமே (2011 கணக்கெடுப்பின்படி மிசோரம் மக்கள் தொகையில் 87 சதவீதம் கிறிஸ்தவர்கள்) ஒரு நூற்றாண்டாக, வேளை தவறாமல் இதைச் செய்துவருகிறது என்பதுதான் மிசோரமின் தனிச் சிறப்பு.

ஒரு பிடி என்பது ஏறக்குறைய ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு நூறு கிராம், மாதத்துக்கு மூன்று கிலோ. வசதியான வீட்டுக்கு இது பொருட்டே அல்ல. இல்லாத வீட்டுக்கு மூன்று கிலோ என்பது சில நாள் சாப்பாடு. மலைச்சரிவில் காடு வெட்டி, மார்ச்சில் எரித்து, மழைக்கு முன் விதைத்து, அக்டோபர், நவம்பரில் அறுக்கும் ஜூம் விவசாயத்தில் ஆண்டின் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அறுவடை முடிந்த டிசம்பரில் எடுக்கும் பிடி ஒன்று. குதிர் அடி தெரியும் ஆகஸ்டில் எடுக்கும் பிடி வேறு. கை அளவு மாறாதுதான். பானையில் மிச்சமிருப்பது மாறும்.

கிறிஸ்தவர்களுக்குத் தங்கள் வேதத்தில் மிகச் சங்கடமான கட்டளை எது என்று கேட்டால் பலரும் பகைவரை நேசிப்பதைச் சொல்வார்கள். அதற்குக் கொஞ்சமும் குறையாத இன்னொன்று உண்டு. கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிரேக்க நாட்டுத் துறைமுக நகரமான தெசலோனிக்கேயில் இருந்த சிறிய சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அது வருகிறது. எந்த நிலைமையிலும் நன்றி சொல்லுங்கள் என்கிறார் அவர். அந்தச் சபை அப்போது சுகமாக இருக்கவில்லை. சொந்த ஊராரின் எதிர்ப்பு, உறவினர் சாவு இரண்டையும் அந்த நிருபமே பேசுகிறது. தமிழ் பைபிளில் இந்த இடத்தில் இருப்பது ‘ஸ்தோத்திரம்’. நம் ஊரில் அது வணக்கத்துக்குப் பதிலாகவும், தும்மலுக்குப் பின்னும், கூட்டத்தில் பேச்சு தடுமாறும்போதும் புழங்கித் தேய்ந்துபோன சொல். அதனால் பவுலின் வரி எவ்வளவு கடினமானது என்பது சட்டென்று உறைப்பதில்லை.

மகன் இறந்துபோன தாயிடம் இதைச் சொல்ல முடியுமா? வீடு எரிந்தவனிடம்? மிசோரமுக்கு இந்தக் கேள்விகள் வெறும் பிரசங்க உதாரணங்களாக வரவில்லை.

கிறிஸ்தவம் வருவதற்கு முன் மிசோக்களின் உலகம் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பதியன் என்ற மேலான கடவுள் அவர்களுக்கு இருந்தார். நல்லவர், தீங்கு செய்யாதவர். தீங்கு செய்தவை ‘ஹுவாய்’ எனப்படும் ஆவிகள். காடு, பாறை, நீரோடை எல்லா இடத்திலும் அவை இருந்தன. காய்ச்சல் வந்தால் எந்த ஆவி பிடித்தது என்று பூசாரி கண்டுபிடிப்பார். கோழியா, பன்றியா என்பதை அவரே சொல்வார். நோய் நீங்காவிட்டால் இன்னொரு பலி. இப்படி வளர்ப்புப் பிராணிகள் எல்லாம் தீர்ந்து கடனாளியான குடும்பங்கள் உண்டு. இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம்: வீட்டின் பலிகளில் பெரும்பகுதி கெட்டவர்களுக்குப் போயிற்று. நல்லவரான பதியனுக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை, அதனால் அன்றாடம் அவரை நினைக்கவும் அவசியம் நேரவில்லை.

1894 ஜனவரி 11-ஆம் தேதி ஜே.எச். லொரைன், எஃப்.டபிள்யூ. சேவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் துலாங் ஆற்றில் படகில் வந்து சைராங் என்ற இடத்தில் இறங்கினார்கள். மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் தந்தவர்கள் அவர்கள்தான். 1897-ல் வேல்ஸ் மிஷனைச் சேர்ந்த டி.இ. ஜோன்ஸ் வந்தார். கடவுளுக்கு என்ன பெயர் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது புதிய சொல் எதையும் இறக்குமதி செய்யவில்லை. பதியன் என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்கள். பெயர் பழையது. அவரோடு வைத்துக்கொண்ட கொடுக்கல் வாங்கல் புதியது. நோய் வந்தால் பயந்து கொடுப்பது நின்றது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வேளையும் கொடுப்பது வந்தது. புஃபாய் தாம் வழக்கத்தின் ஆழம் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. பிடி அரிசிக்குப் பதிலாக எதுவும் கேட்கப்படுவதில்லை. அது எதையும் தணிப்பதற்கோ விலைக்கு வாங்குவதற்கோ அல்ல.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. மிசோ மொழியில் நன்றி சொல்ல விரும்புகிறவர் ‘க லோம் ஏ’ என்பார். லோம் என்றால் மகிழ்தல். ‘நான் மகிழ்கிறேன்’ என்பதே அவர்களுக்கு நன்றி. கடன்பட்டிருக்கிறேன் என்ற தொனி அதில் இல்லை. அதே சமயம் மிசோ சமூகத்தின் மிக உயர்ந்த பண்பாகக் கருதப்படும் ‘த்லோம்ஙைஹ்னா’, பிறருக்கு உதவுகிறவன் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்கிறது. நன்றியை எதிர்பாராமல் உதவுகிற ஊரில், நன்றிக்குப் போக்கிடம் மேலே மட்டும்தான்.

மகிழ்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அரிசி எடுப்பதற்கு மிசோரமின் இருபதாம் நூற்றாண்டு வசதியான காலமல்ல. அந்த மலைகளில் மௌதாக் என்ற மூங்கில் பரந்து கிடக்கிறது. ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை அது ஒரே சமயத்தில் பூத்து, காய்த்து, மடிகிறது. அந்தக் காய்களைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. காய் தீர்ந்ததும் வயலுக்கு வருகின்றன. ஒரே இரவில் ஒரு சரிவு முழுக்க நெல் காணாமல் போய்விடும். இந்த மூங்கில் சாவுக்கு ‘மௌதாம்’ என்று பெயர். 1911-12-ல் வந்தது. அப்போது சபை குழந்தை. பிடி அரிசி வழக்கம் வேர்விட்டது ஏறக்குறைய இந்தப் பஞ்சத்தின் காலத்தில்தான் என்பது பெரியவர்கள் மறந்துவிட்ட தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதை முற்றிலும் தற்செயல் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. உபரியில் பிறந்த வழக்கமாக அது இருக்க வாய்ப்பில்லை.

அடுத்த மௌதாம் 1959-ல். இம்முறை வரப்போவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். மிசோ மாவட்ட கவுன்சில் அஸ்ஸாம் அரசிடம் முன்னெச்சரிக்கைக்காக 15 லட்சம் ரூபாய் கேட்டது. மூங்கில் பூத்தால் பஞ்சம் என்பது பழங்குடி மூடநம்பிக்கை என்று ஷில்லாங்கில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பஞ்சம் சொன்னபடி வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி 1961-ல் தன் பெயரில் இருந்த ‘பஞ்ச’த்தை உதிர்த்துவிட்டு மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. தலைவர் லால்தெங்கா. 1966 பிப்ரவரி 28 இரவு ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மறுநாள் சுதந்திரப் பிரகடனம். மார்ச் 5-ஆம் தேதி இந்திய விமானப் படை சொந்த நாட்டு நகரமான ஐஸ்வாலின் மீது தாக்குதல் நடத்தியது. நகரின் பகுதிகள் எரிந்தன. மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள்.

அதைவிடக் கொடியது 1967-ல் தொடங்கிய கிராமச் சேர்ப்பு. கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்பதற்காக, சிதறிக் கிடந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்களை ராணுவம் காலி செய்து, சாலையோரம் அமைத்த நூற்றுச் சொச்சம் காவல் குடியிருப்புகளில் அடைத்தது. கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மிச்ச நெல் வீட்டோடு எரிந்தது. வேலிக்குள் ஊரடங்கு. வயல் தொலைவில் இருந்ததால் ஜூம் விவசாயம் குலைந்தது. தங்கள் நெல்லைத் தாங்களே குத்திச் சாப்பிட்ட மக்கள் ரேஷனுக்கு வரிசையில் நின்றார்கள். அங்கேயும் சபை கூடியது, பாட்டு இருந்தது, பிடி அரிசியும் அடியோடு அற்றுப்போகவில்லை. அளந்து கொடுக்கப்பட்ட அரிசியிலிருந்து அளக்காமல் ஒரு பிடி.

இதைக் கேட்டு உருகிப்போவது சுலபம். அப்படி உருகுவதற்கு முன் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுக்கொள்வது நல்லது. ஊரை எரித்ததற்கும் சேர்த்தா நன்றி சொன்னார்கள்?

இறையியலாளர்கள் காலங்காலமாக உரசிப் பார்த்த இடம் இது. தெசலோனிக்கேயருக்கு எழுதியதில் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொற்றொடர் ‘என் பன்தி’. எல்லாவற்றின் நடுவிலும் என்று அர்த்தம். எல்லாவற்றுக்காகவும் என்றல்ல. வியாதியில் நன்றி சொல்லலாம், வியாதிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை என்று இதை வைத்து விளக்கம் சொல்வது வழக்கம். சாமர்த்தியமான விளக்கம். ஆனால் எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் இதற்கு இடைஞ்சலாக இருக்கிறது. அங்கே ‘ஹுப்பெர் பன்தோன்’. எல்லாவற்றுக்காகவும் என்றே அது வருகிறது. இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்த்துவிட முடியாது.

மிசோக்கள் இதை இலக்கணத்தால் தீர்க்கவில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் விடையைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. குண்டுகளைத் திருச்சபை கடவுளின் பரிசாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்வதற்கில்லை. 1966-க்குப் பிறகு போதகர்களும் மூப்பர்களும் சமாதானக் குழு அமைத்தார்கள். அரசிடமும் பேசினார்கள், காட்டுக்குள்ளிருந்த கிளர்ச்சியாளர்களிடமும் பேசினார்கள். இரு பக்கத்துச் சந்தேகத்துக்கும் ஆளானார்கள். இருபது ஆண்டு கழித்து, 1986 ஜூன் 30-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1987 பிப்ரவரி 20-ல் மிசோரம் தனி மாநிலம் ஆனது. ஒரு கையால் அரிசி எடுத்து வைத்தவர்கள் மறு கையால் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நடப்பதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்வதும் நன்றியும் ஒன்றுதான் என்றால் அந்த மனுக்களுக்கு அவசியமே இருந்திருக்காது.

வேதாகமத்திலேயே மிசோரமுக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் பக்கம் ஆபகூக் தீர்க்கதரிசியின் கடைசி அதிகாரம். அத்திமரம், திராட்சை, ஒலிவம், வயல், தொழுவம் என்று ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று அவர் எண்ணிக்கொண்டே போகிறார். எண்ணி முடித்த பிறகுதான் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். இருப்பதை எண்ணி நன்றி சொல்லுங்கள் என்று இக்காலத்து மனநலப் புத்தகங்கள் சொல்வதற்கு இது நேர் எதிர்த் திசை. இழந்ததன் பட்டியல் சுருக்கப்படவில்லை, மறைக்கப்படவும் இல்லை.

மிசோரமில் இந்தப் பட்டியலை வாசிக்கும் இடம் சாவு வீடு. ஐஸ்வாலில் ஒருவர் இறந்தால் அந்த வட்டாரத்து இளம் மிசோ சங்கம் (1935-ல் தொடங்கியது, ஒய்.எம்.ஏ. என்றால் குழந்தைக்கும் தெரியும்) பொறுப்பேற்றுக்கொள்கிறது. குழி தோண்டுவது இளைஞர்கள் வேலை. கூலி கிடையாது. வீட்டார் சமையல் கவலைப்பட வேண்டியதில்லை. அடக்கம் முடிந்தும் ஊர் கலைவதில்லை. இரவில் மறுபடி அந்த வீட்டில் கூடுகிறார்கள், ‘லெங்கோம் ஸாய்’ பாடுவதற்கு.

இந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. வேல்ஸ்காரர்கள் தங்கள் ஊர்க் கீர்த்தனைகளையும் நான்கு குரல் இசையையும் கொண்டுவந்தார்கள். மிசோக்கள் அதை அருமையாகக் கற்றுக்கொண்டார்கள். முரசு மட்டும் கூடாது என்று தடை இருந்தது. முரசு என்றால் அரிசிக் கள், ஆட்டம், பழைய மதம். ஆனால் துக்கம் வேல்ஸ் மெட்டில் முழுதாக இறங்கவில்லை போலிருக்கிறது. 1919-ல் தொடங்கிய எழுப்புதலையொட்டி மிசோக்கள் தங்கள் சொந்த மெட்டில், சொந்தக் கவிச்சொற்களில் பாட்டுக் கட்டத் தொடங்கினார்கள். முரசு சபைக்குள் திரும்பி வந்தது. பாதேயா போன்ற கவிஞர்கள் அந்தக் காலத்தவர்கள். பெரிய முரசும் சிறிய முரசும் மெதுவாக அடிக்க, எல்லோரும் ஒரே குரலில் இழுத்துப் பாடுகிறார்கள். மணிக்கணக்கில் போகும். அழுகை தொண்டையை அடைத்தவர்கள் நிறுத்திக்கொள்ளலாம், பக்கத்திலிருப்பவர்கள் தொடர்வார்கள். இறந்தவருக்காக அழுவதும் அவர் வாழ்ந்ததற்காக மகிழ்வதும் அங்கே இரண்டு தனி நிகழ்ச்சிகளாக நடப்பதில்லை. ஒரே பாட்டில் இரண்டும் இருக்கின்றன. நன்றி சொல்லும்படி அந்தத் தாயிடம் யாரும் போதிப்பதில்லை. அவளால் சொல்ல முடியாததை ஊர் பாடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாவற்றிலும் நன்றி என்பது வேறொருவர் வாயிலிருந்து வரும்போது கொடுமையாக மாறக்கூடிய உபதேசம். அடிக்கும் கணவனிடம் சிக்கிய பெண்ணுக்கும், கூலி குறைக்கப்பட்ட தொழிலாளிக்கும், மருந்துக்கு வழியில்லாத நோயாளிக்கும் இதைச் சொல்லி வாயடைத்த பிரசங்கிகள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வசதியாக மறந்துவிடும் விஷயம், வேதத்தின் சங்கீதங்களில் மிகப் பெரும் பகுதி முறையீடு. சிலுவையில் இயேசு சொன்னதாகச் சுவிசேஷங்கள் தரும் வார்த்தைகளில் ஒன்று கைவிடப்பட்டவனின் கூக்குரல். ஆனால் அதற்கு முந்தின இரவில், காட்டிக்கொடுக்கப்படப் போவது தெரிந்தும், அப்பத்தை எடுத்து நன்றி சொன்னார் என்று அவையே சொல்கின்றன. நற்கருணைக்குக் கிரேக்கப் பெயரே யூகரிஸ்தியா, நன்றி செலுத்துதல். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்குப் பவுலின் வரியைச் சொல்லும் தகுதி இல்லை.

மிசோரம் சபைக்குள்ளேயே ஒரு முறையீடு காத்திருக்கிறது. அரிசியை எடுத்து வைப்பது பெண்கள். வீடு வீடாக அலைந்து சேகரிப்பது பெண்கள். ‘கோஹ்ரான் ஹ்மெய்ச்சியா’ எனப்படும் அவர்கள் சங்கம் சபையின் மிக வலுவான அமைப்புகளில் ஒன்று. ஆனால் பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகர் பட்டமும் மூப்பர் பதவியும் ஆண்களிடமே இருந்து வந்திருக்கின்றன. இறையியல் பட்டம் பெற்ற மிசோப் பெண்கள் இதை எழுத்திலும் மேடையிலும் கேட்டுவருகிறார்கள். கோடிக்கணக்கில் திரட்டித் தரும் கை அபிஷேகத்துக்கு மட்டும் ஏன் ஆகாது என்பதற்குத் திருப்தியான பதிலைக் காணோம். பெண்களின் காணிக்கைக்கு மனமார நன்றி என்று ஆண்டறிக்கையில் ஒரு பாரா எழுதிவிட்டால் தீரக்கூடிய விவகாரம் அல்ல இது.

இன்னொரு சந்தேகம், இது பக்தியா பழக்கமா என்பது. தெருவில் எல்லா வீட்டிலும் எடுக்கும்போது ஒரு வீடு மட்டும் எடுக்காமல் இருப்பது கஷ்டம். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் வெறும் பாத்திரத்தை நீட்ட யாருக்கு மனம் வரும்? கட்டாயத்தின் நிழல் இதில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பழக்கம் என்பதை ஒரு குறையாகவே பார்க்க வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியது. மனம் பொங்கும் நாளில் மட்டும் நன்றி சொல்வதென்றால் 1967-ல் ஒரு பிடியும் எடுத்திருக்க முடியாது. மனம் ஒத்துழைக்காத நாட்களில் கை செய்துவிடுகிறது. மனம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். பானையில் அரிசி விழுந்தாயிற்று.

மௌதாம் 2007-ல் மறுபடி வந்தது. இம்முறை அரசு முன்கூட்டியே விழித்துக்கொண்டு எலி வாலுக்கு இத்தனை என்று காசு கொடுத்தது. லட்சக்கணக்கில் வால்கள் குவிந்தன! பயிர் ஏகமாக நாசமானாலும், வெளியிலிருந்து வந்த அரிசி பட்டினிச் சாவைத் தடுத்தது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எல்லை தாண்டி வந்த சின் இனத்தவர் முப்பதாயிரத்துக்கும் மேல். தடுத்து நிறுத்தச் சொன்னது மத்திய அரசு. எங்கள் ரத்த உறவுகளைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது மாநில அரசு. 2023-ல் மணிப்பூர் கலவரத்திலிருந்து தப்பி வந்தவர்கள் மேலும் பத்தாயிரத்துக்கும் அதிகம். பிடி அரிசிப் பணம் ஊழியத்துக்கானது, அகதிகளுக்கு அதிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. சபைகளும் ஒய்.எம்.ஏ.வும் தனியாகத் திரட்டின. அரிசி, துணி, காய்கறி, தகரம், மூங்கில் எல்லாம் வந்து சேர்ந்தன. இரண்டு வேளையும் கொஞ்சம் குறைத்து எடுத்துப் பழகிய சமையலறைகளுக்கு மேலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது அவ்வளவு புதிய வேலையாக இருந்திருக்காது.

இப்போது மிசோரம் தனக்கு வேண்டிய அரிசியை விளைவிப்பதில்லை. பெரும்பகுதி இந்திய உணவுக் கழகத்தின் மூட்டைகளில் வருகிறது. ஆக, பாத்திரத்தில் விழும் பிடி பல வீடுகளில் வேறு மாநிலத்து விவசாயி விளைவித்தது. 2025 செப்டம்பர் 13 அன்று ஐஸ்வாலுக்கு அருகே வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. கடைசி ஸ்டேஷன் சைராங். இரு மிஷனரிகளும் படகிலிருந்து இறங்கிய அதே சைராங்.

ஐஸ்வாலில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீடுகளில் மின்சாரக் குக்கர் வந்துவிட்டது. கூடவே வந்திருக்கும் கப்பால்தான் அரிசி அளக்கிறார்கள். மாதக் கடைசியில் கணக்குப் போட்டு அரிசிக்கு ஈடாகப் பணம் கொடுத்துவிடும் குடும்பங்களும் இருக்கின்றன. சபைக்கு வரும் தொகையில் இதனால் குறைவில்லை, சில சமயம் கூடவே வரும். மாதத்துக்கு அறுபது முறை நடந்தது ஒரு முறை ஆகிவிட்டது, அவ்வளவுதான். பெண்கள் சங்கத்தார் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறார்கள்.